ஏழு இடம், ஏழு விதமான உடம்பு!
(ஹேண்ட்பால் பற்றி ஒரு விளக்கக் கட்டுரை)



இந்த மாதச் சுவரிதழில் நான் ஹேண்ட்பால் விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. குறுவட்டப் போட்டிக்கு நம் பள்ளியிலிருந்து பெண்கள் டீம் அனுப்பலாம் என்று பி.டி. மிஸ் சொல்லியிருக்காங்க. ஆனால் இதுவரை பேர் கொடுத்தது ஆறு பேர்தான். அந்த ஆறு பேரும் "நான்தான் ஷூட் பண்ணுவேன்" என்கிறோம். கோல்கீப்பர் நிற்க ஆள் இல்லை. பிவட் ஆட ஆள் இல்லை. மற்றவர்களைக் கூப்பிட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள்.

"நான் குள்ளம்."
"நான் குண்டு."
"எனக்கு வேகமா ஓட வராது."
"நான் நொட்டாங்கை."

இந்த நாலு காரணமும் ஹேண்ட்பாலில் செல்லாது! உலகத்திலேயே பெரிய போட்டிகளில் ஆடுபவர்களின் உடம்பைப் பார்த்தாலே இது தெரியும். அதைத்தான் கீழே விளக்கியிருக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம்

நம் ஊரில் ஹேண்ட்பால் என்றால் பலர் வாலிபால் என்றோ, எறிபந்து என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் இல்லை. அவற்றில் நடுவில் வலை இருக்கும், ஒரு டீம் இன்னொரு டீமைத் தொடாது. ஹேண்ட்பாலில் வலை கோல் போஸ்டில் மட்டும்தான். கையால் ஆடும் ஃபுட்பால் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே கொஞ்சம் கபடியும் கலந்திருக்கும்.

மைதானம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். கோல் போஸ்ட் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். ஒரு பக்கம் ஏழு பேர். பெரியவர்கள் ஆடும் மேட்ச் 30 நிமிடம், 30 நிமிடம் என்று இரண்டு பாதி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிதான் வைக்கலாம். மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கோலுக்கு முன்னால் 6 மீட்டரில் ஒரு கோடு உண்டு. அதற்குள் கோல்கீப்பர் மட்டும்தான் நிற்கலாம். ஆனால் மற்றவர்கள் வெளியிலிருந்து எம்பிக் குதித்து, கால் தரையில் படுவதற்குள் பந்தை எறியலாம். இதுதான் இந்த ஆட்டத்தின் அழகே!

2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் பிரிவு இறுதிப் போட்டியில் நார்வே 29-21 என்று பிரான்சை ஜெயித்துத் தங்கம் வாங்கியது. கூட்டிப் பாருங்கள், ஒரே மேட்சில் 50 கோல்! ஃபுட்பாலில் 50 கோல் பார்க்க எத்தனை மேட்ச் பார்க்கணும்?

டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அந்த நாட்டின் முதல்தர மேட்சுகளை வீடியோ எடுத்து, ஒவ்வொருவரும் எவ்வளவு ஓடுகிறார்கள் என்று அளந்தார்கள். ஒரு மேட்சில் ஆண்கள் சராசரியாகச் சுமார் 3.6 கிலோமீட்டரும், பெண்கள் சுமார் 4 கிலோமீட்டரும் ஓடுகிறார்கள். "அவ்வளவுதானா? நான் தினமும் பள்ளிக்கூடத்துக்கே அதைவிட அதிகம் நடக்கிறேன்" என்று சிலர் சொல்வீர்கள். ஆனால் தூரம் பெரிசு இல்லை. அதற்குள் ஓடுவது, நிற்பது, திரும்புவது, குதிப்பது, தள்ளுவது, விழுவது, எழுவது எல்லாம் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். அதுதான் ஆளை வாட்டும். அதுவும் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி வராது. ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு விதமான பலத்தைக் கேட்கும்.

1. விங் (இரண்டு ஓரங்கள்)

மைதானத்தின் இரண்டு மூலைகளில் நிற்பவர்கள். எதிரி பந்தை விட்ட உடனே முதலில் பறப்பது இவர்கள்தான். நம் பக்கத்து 6 மீட்டர் கோட்டிலிருந்து எதிர்ப்பக்கத்து 6 மீட்டர் கோடு வரை 28 மீட்டர். விநாடிக்கு 7 மீட்டர் ஓடினால் நாலே விநாடி! அப்படி ஓடிப்போய் கோல் போட முடியவில்லை என்றால், திரும்பத் தடுக்க ஓடிவரணும். டென்மார்க் ஆராய்ச்சியிலும் மிக வேகமாக ஓடும் ஓட்டம் விங் ஆடுபவர்களுக்குத்தான் அதிகம் என்று தெரிந்தது.

மூலையிலிருந்து பார்த்தால் கோல் போஸ்ட் ஒரு கதவு இடுக்கு மாதிரிதான் தெரியும். அதனால் அவர்கள் நடுப்பக்கமாக நீளமாகக் குதிப்பார்கள். காற்றில் இருக்கும்போதே இடுக்கு விரிந்து கோல் அகலமாகத் தெரியும். அப்புறம் எறிவார்கள். எறிந்தபின் உருண்டு விழுவார்கள். இதற்கு லேசான உடம்பும், ஸ்பிரிங் மாதிரி காலும் வேணும். ரொம்ப உயரம் வேண்டியதில்லை. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது அல்லவா? "நான் குள்ளம்" என்று சொன்னவர்களே, உங்களுக்கான இடம் இது!

2. பேக் (இடது, வலது)

எல்லோரும் கேட்கும் இடம் இதுதான். 9 மீட்டர் கோட்டுக்குப் பக்கத்திலிருந்து, தடுப்பவர்களின் கைக்கு மேலே எம்பிக் குதித்து எறிவார்கள். இங்கே உயரம் உதவும் என்பது உண்மைதான். பிரான்ஸ் நாட்டின் நிக்கோலா கராபாட்டிச் 196 சென்டிமீட்டர் உயரம். இடது பேக்கும் ஆடுவார், நடுவிலும் ஆடுவார். மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். 2024-இல் நாற்பது வயதில் ஆறாவது ஒலிம்பிக்கும் ஆடிவிட்டு ஓய்வு பெற்றார்.

ஆனால் கைப்பலம் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். எறிதல் காலில்தான் தொடங்குகிறது. ஈரத்துணியை உதறும்போது பாருங்கள். பிடிக்கும் இடத்தில் சின்ன அசைவுதான், நுனியில் 'பட்'டென்று சத்தம் வரும். அதே மாதிரி காலில் ஊன்றிய பலம் இடுப்புக்கு ஏறி, இடுப்பு திரும்பி, தோள் திரும்பி, முழங்கை, மணிக்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து கடைசியில் பந்தில் சேர்கிறது. இடையில் வயிறும் முதுகும் தளர்ந்திருந்தால் பலம் வழியிலேயே சிந்திவிடும். பிறகு தோள்பட்டை மட்டும் தனியாகக் கஷ்டப்படும். பேக் ஆடுபவர்களுக்குத் தோள்வலி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பயிற்சியிலும் மேட்சிலும் சேர்த்து அவ்வளவு தடவை எறிகிறார்கள். அதோடு காற்றில் இருக்கும்போது எதிரி மார்போடு மோதுவாள். மோதல் வாங்கியும் குறி தவறாமல் எறியணும்.

வலது பேக், வலது விங் இரண்டுக்கும் இடதுகைப் பழக்கம் உள்ளவர்களைத்தான் தேடித் தேடி எடுக்கிறார்கள். ஏன் தெரியுமா? வலது ஓரத்தில் நிற்கும்போது வலது கை வெளிக்கோட்டுப் பக்கம் போய்விடும். இடது கையோ மைதானத்தின் நடுப்பக்கம் இருக்கும். அதனால் கோல் நன்றாகத் திறந்து தெரியும். டென்மார்க்கின் மத்தியாஸ் கிட்செல், நார்வேயின் நோரா மோர்க் இருவரும் வலது பேக். இருவரும் இடது கைக்காரர்கள். இருவரும் 2024-இல் தங்கம் வாங்கினார்கள். வீட்டில் "நொட்டாங்கை, நொட்டாங்கை" என்று திட்டு வாங்கும் தோழிகளே, இங்கே உங்களுக்குத்தான் மவுசு!

3. சென்டர் (நடுவில் ஆடுபவர்)

இவர்தான் டீமின் மூளை. யார் எங்கே ஓடணும், பந்து யாரிடம் போகணும் என்று கையால் சைகை காட்டுவார். நார்வே பெண்கள் டீமின் கேப்டனாக பாரிசில் தங்கம் வாங்கிய ஸ்டீனே ஒஃப்டெடால் இந்த இடத்தில்தான் ஆடினார். டீமில் உயரம் குறைந்தவர்களில் அவரும் ஒருவர். உயரமான தடுப்பாளர்களுக்கு நடுவில் ஒரு பக்கம் போவது போல உடம்பைக் காட்டிவிட்டு மறுபக்கம் புகுந்துவிடுவார்.

இதற்கு வேண்டியது சட்டென்று நின்று சட்டென்று திரும்பும் கால். அதைவிட முக்கியம், மூச்சு வாங்கும்போதும் கலங்காத மூளை. நம்மில் யாரையாவது நாலு ரவுண்டு ஓடவிட்டு உடனே பதினேழாம் வாய்ப்பாடு கேட்டால் என்ன ஆகும்? ஆனால் 55-ஆவது நிமிடத்திலும் சென்டர் சரியாக முடிவெடுக்கணும். அதனால் மூச்சுப் பலம் இவருக்கு ரொம்பத் தேவை. களைத்தால் முதலில் தடுமாறுவது முடிவுதான்.

4. பிவட் (கோட்டில் நிற்பவர்)

6 மீட்டர் கோட்டில், எதிரித் தடுப்பாளர்களுக்கு நடுவிலேயே போய் நிற்பவர். பெரும்பாலும் கோலுக்கு முதுகைக் காட்டியே நிற்பார். இரண்டு பக்கமும் ஆள் தள்ளும். நகராமல் நிற்கணும். அப்படி நின்றால்தான் பின்னால் வரும் பேக்குக்கு வழி கிடைக்கும். பந்து வந்தால் ஒரு கையாலேயே பிடித்து, திரும்பி, விழுந்துகொண்டே எறியணும்.

கபடியில் ரைடரைப் பிடித்து அமுக்குகிறார்களே, அந்த மாதிரிப் பலம் இது. ஓட்டம் குறைவு, மல்லுக்கட்டு அதிகம். காலை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி நிற்கணும். தொடை, இடுப்பு, முதுகு மூன்றும் கெட்டியாக இருக்கணும். இங்கே உடம்பு எடை ஒரு குறை இல்லை, ஆயுதம்! உலக அளவில் ஆண்கள் பிவட் பலர் 100 கிலோவுக்கு மேல் இருப்பார்கள். அது சும்மா எடை இல்லை, பயிற்சியால் இறுகிய எடை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் தடுமாறாமல் நடந்து வருகிற பெண்கள் நம் பள்ளியில் எத்தனை பேர் இருக்கிறோம்? அந்தப் பலம்தான் தொடக்கம். இனிமேல் யாரும் யாரையும் "குண்டு" என்று கேலி செய்து மைதானத்தை விட்டு விரட்டாதீர்கள். அப்படி விரட்டினால் நம் டீமின் பிவட்டைத்தான் விரட்டுகிறோம்.

5. கோல்கீப்பர்

ஏழு பேரில் மிகக் குறைவாக ஓடுபவர் இவர். ஆனால் மிகக் கஷ்டமான வேலை இவருடையதுதான் என்று நான் சொல்வேன். ஏன் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

பந்து மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது விநாடிக்கு 25 மீட்டர். 9 மீட்டரிலிருந்து எறிந்தால் கோலுக்கு வர 0.36 விநாடி. 6 மீட்டரிலிருந்து எறிந்தால் 0.24 விநாடி. உலகத்தரம் வாய்ந்த ஆண்கள் எறிந்தால் 100 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டும்.

செய்து பாருங்கள்! 30 சென்டிமீட்டர் ஸ்கேலை ஒரு தோழி மேல் நுனியில் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் கீழே, பூஜ்யம் இருக்கும் இடத்தில், விரல்களைத் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் அவள் விடுவாள். நீங்கள் பிடிக்கணும். 15 சென்டிமீட்டரில் பிடித்தால் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 0.17 விநாடி. 20-இல் பிடித்தால் 0.20 விநாடி. 30-இல் பிடித்தால் 0.25 விநாடி. (கீழே விழும் பொருளுக்கு நாம் படித்த இயக்கச் சமன்பாட்டிலிருந்தே இது வரும். கணக்கு நோட்டில் போட்டுச் சரிபாருங்கள்.)

கண் பார்த்து விரல் மூடவே 0.20 விநாடி ஆகிறது. அப்படியென்றால் 6 மீட்டரிலிருந்து வரும் பந்துக்கு மீதி இருப்பது 0.04 விநாடி. அதற்குள் கையையும் காலையும் மூலைவரை நீட்ட முடியுமா? முடியாது! அதனால் நல்ல கோல்கீப்பர் பந்து கையை விட்ட பிறகு பார்ப்பதில்லை. அதற்கு முன்பே எறிபவளின் தோள், முழங்கை, மணிக்கட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று படித்துவிடுகிறார். அதோடு முன்னால் வந்து கோலை மறைக்கிறார். காலை அகல விரித்து, கைகளையும் விரித்து நட்சத்திரம் மாதிரி நிற்கிறார். மூன்றில் ஒன்றைத் தடுத்தாலே நல்ல கோல்கீப்பர் என்று பெயர். அப்படியென்றால் மூன்றில் இரண்டு உள்ளே போனாலும் முகம் வாடாமல் அடுத்த பந்துக்கு நிற்கணும். அதுவும் ஒரு பலம்தான்.

"முகத்தில் பந்து பட்டுடுமே" என்று பயப்படுகிறவர்களுக்கு: 2022 முதல் புது விதி வந்திருக்கிறது. யாரும் தடுக்காமல் எறிகிறவள் கோல்கீப்பரின் தலையில் அடித்தால் இரண்டு நிமிடம் வெளியே உட்காரணும்.

நார்வேயின் கத்ரீனே லுண்டே 2024-இல் பாரிசில் தங்கம் வாங்கும்போது அவருக்கு வயது 44. 2008, 2012-இலும் வாங்கியவர். வேகமாக ஓடும் வயது போகலாம். ஆனால் ஆளைப் படிக்கும் கண் வருடம் ஆக ஆகக் கூர்மையாகும். "எனக்கு ஓட வராது" என்று சொன்ன தோழி யாரோ, அவர் இதைக் குறித்துக்கொள்ளவும்.

உங்களுக்குத் தெரியுமா?

இந்தக் கத்ரீனேவுக்கு ஒரு இரட்டைச் சகோதரி உண்டு. பெயர் கிறிஸ்டினே. இருவரும் 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய டீமில் இருந்தார்கள். ஒருத்தி கோல்கீப்பர். இன்னொருத்தி சென்டர்! ஒரே வயிற்றில் ஒரே நாளில் பிறந்தவர்களே வேறு வேறு இடத்துக்குத் தங்களைத் தயார் செய்திருக்கிறார்கள். ஆகவே உடம்பு பாதி இடத்தைத் தீர்மானிக்கும், பயிற்சி மீதியைத் தீர்மானிக்கும்.

எல்லோருக்கும் பொதுவானது: முழங்கால்

இதுவரை சொன்னது வித்தியாசங்கள். கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். இது கோல்கீப்பர் முதல் விங் வரை எல்லோருக்கும்.

ஹேண்ட்பாலில் அதிகம் பயப்படும் காயம் முழங்காலுக்குள் இருக்கும் ஒரு நார் அறுந்துபோவது. தொடை எலும்பையும் கால் எலும்பையும் கட்டிவைக்கும் நார் அது. பல சமயம் யாரும் இடிக்காமலே அறுந்துவிடும். வேகமாக வந்து ஊன்றித் திரும்பும்போதோ, குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போதோ முழங்கால் உள்பக்கமாக மடங்கினால் ஆபத்து. ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் அதிகம் வருகிறது. நோரா மோர்க்குக்கே முழங்காலில் பல அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. மீண்டு வரப் பல மாதங்கள் ஆகும்.

ஆனால் இதைக் குறைக்க வழி இருக்கிறது. நார்வேயில் 15 முதல் 17 வயது வரை உள்ள 1,837 பேரை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்து 2005-இல் வெளியிட்டார்கள். பாதி டீம்கள் பயிற்சியின் தொடக்கத்தில் 15 முதல் 20 நிமிடம் சரியான வார்ம்-அப் செய்தன. மற்ற டீம்கள் வழக்கம்போல ஆடின. வார்ம்-அப் செய்தவர்களுக்கு முழங்கால், கணுக்கால் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன! அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நாம் செய்யக்கூடியவை இவை:

1. மெதுவாக ஓடி, பக்கவாட்டில் ஓடி, பின்னோக்கி ஓடி உடம்பைச் சூடாக்குவது.
2. குதித்து இரண்டு காலிலும் சத்தம் வராமல் இறங்குவது. முழங்கால் மடங்கணும், ஆனால் கால் விரலுக்கு நேராகவே இருக்கணும். உள்ளே சாயக் கூடாது.
3. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு தோழியோடு பந்து எறிந்து பிடிப்பது.
4. உட்கார்ந்து எழுவது. மண்டியிட்டு, தோழி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, முதுகு நேராக மெதுவாக முன்னால் சாய்வது. (தொடையின் பின்பக்கத்துக்குப் பலம்.)

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்பார்கள். நமக்கு இது இன்னும் முக்கியம். பையன்களுக்குக் கால் பிசகினால் எண்ணெய் தடவி, "நாளைக்குப் போ" என்பார்கள். நமக்குக் கால் பிசகினால், "பொம்பளப் புள்ளைக்கு விளையாட்டு எதுக்கு, போதும் நிறுத்து" என்பார்கள். அதோடு முடிந்தது. ஆகவே அந்த 15 நிமிடம் நம் முழங்காலை மட்டும் காப்பாற்றவில்லை. வீட்டில் கஷ்டப்பட்டு வாங்கிய அனுமதியையும் காப்பாற்றுகிறது. "நேரமாச்சு, நேரா மேட்ச் ஆடலாம்" என்று இனிமேல் யாரும் சொல்லாதீர்கள்.

முடிவாக

வேகமானவள் விங்குக்கு. உயரமானவள் பேக்குக்கு. யோசிப்பவள் சென்டருக்கு. உறுதியாக நிற்பவள் பிவட்டுக்கு. கூர்ந்து பார்ப்பவள் கோலுக்கு. இடது கைக்காரி வலப்பக்கத்துக்கு. எல்லோரும் ஒரே மாதிரி இருந்தால் ஹேண்ட்பால் டீமே அமைக்க முடியாது!

நம் மைதானத்தில் சவுக்குக் கம்பில் கட்டிய கோல் போஸ்ட் இருக்கிறது. சுண்ணாம்புப் பொடியில் போட்ட கோடு இருக்கிறது. பந்து இரண்டு இருக்கிறது. ஆறு பேர் இருக்கிறோம். ஏழாவது ஆளும், மாற்று ஆட்களும்தான் வேணும். ஆறாம் வகுப்பு முதல் யார் வேண்டுமானாலும் பயிற்சிக்கு வரலாம். பேர் கொடுக்க விரும்புபவர்கள் மதிய இடைவேளையில் பி.டி. மிஸ்ஸிடம் கொடுக்கவும். "நான் குள்ளம், குண்டு" என்பதை எல்லாம் சுவரிதழ் பக்கத்திலேயே விட்டுவிட்டு வரவும்.



— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி